ஒரே வயிற்றில் இரண்டு வரைபடங்கள்

சீன அக்குபங்சர் என்றதும் மணிக்கட்டில் நாடி பார்ப்பதும் நாக்கை நீட்டச் சொல்வதும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். நோயாளியை மல்லாக்கப் படுக்கவைத்து வயிற்றையும் மார்பையும் விரலால் அழுத்திப் பார்ப்பதும் அதே மரபின் பழைய வழக்கம்தான். உடலின் முன்புறத்தில் 'மூ' என்ற பெயரில் 12 புள்ளிகளை அந்த மரபு குறித்து வைத்திருக்கிறது. இரைப்பை, கல்லீரல், சிறுநீரகம் என ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு புள்ளி. 'மூ' என்றால் திரட்டுதல். உறுப்பின் ஆற்றல் அங்கே வந்து திரள்வதாகவும், உறுப்பு கெட்டால் அந்த இடம் வலிக்கும், இறுகும், அல்லது தளர்ந்து குழியும் என்றும் சொல்கிறார்கள். 'அலாரம் புள்ளி' என்ற பெயர் வந்தது அதனால்தான். இடத்தைக் கண்டுபிடிக்க அளவுகோல் எதுவும் வேண்டாம். நோயாளியின் உடலே அளவு. தொப்புளிலிருந்து மார்பெலும்பு முடியும் இடம் வரை எட்டுப் பங்காகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு 'சுன்'. நான்கு சுன் மேலே போனால் இரைப்பைக்குரிய சோங்வான். தொப்புளுக்கு இருபுறமும் இரண்டு சுன் தள்ளிப் பெருங்குடலுக்குரிய தியன்ஷூ. குழந்தைக்கும் பெரியவருக்கும் கணக்கு ஒன்றுதான்.

இந்த மரபை முழுதாக ஏற்பவர்களும் முழுதாகத் தள்ளுபவர்களும் கவனிக்காமல் விடுகிற ஒன்று உண்டு. ஒரே வயிற்றின்மேல் அந்த மரபு இரண்டு வரைபடங்களை வரைந்திருக்கிறது. அவை ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. ஹான் பேரரசின் காலத்தில் உருவான 'நான்ஜிங்' என்னும் நூல் 81 கடினமான கேள்விகளை எடுத்து விளக்குகிறது. அதன் 16-ஆவது கேள்வி தொப்புளைச் சுற்றிலும் ஐந்து உறுப்புகளுக்கு இடம் ஒதுக்குகிறது: இடப்பக்கம் கல்லீரல், வலப்பக்கம் நுரையீரல், மேலே இதயம், கீழே சிறுநீரகம், நடுவில் மண்ணீரல். கல்லீரல் இருப்பதோ வலப்பக்கம். பிறகு ஏன் இப்படி? தெற்கு நோக்கி நிற்பவனுக்கு இடக்கை கிழக்கு. கிழக்கு, சீனரின் ஐம்பூதங்களில் ஒன்றான மரத்தின் திசை. கல்லீரல் மரத்தின் உறுப்பு. ஐம்பூதக் கொள்கையைத் திசைகளோடு சேர்த்து வயிற்றில் பரப்பியதால் கிடைத்த படம் இது. மூ புள்ளிகளின் படமோ கொள்கைக்கு அவ்வளவாக அடங்குவதில்லை. பன்னிரண்டில் மூன்றுதான் தத்தம் உறுப்பின் ஆற்றல் ஓடுவதாக அந்த மரபு சொல்லும் பாதையில் அமைந்தவை. இரைப்பையின் பாதை நடுக்கோட்டிலிருந்து இரண்டு சுன் தள்ளி இறங்குகிறது. இரைப்பையின் மூ புள்ளியோ நடுக்கோட்டில் இருக்கிறது. இரைப்பைப் பாதையில் கிடக்கும் தியன்ஷூ பெருங்குடலுக்குப் போய்விட்டது. கொள்கையிலிருந்து கணக்குப் போட்டவர்கள் இப்படி ஒழுங்கில்லாத பட்டியலைத் தந்திருக்க மாட்டார்கள். வலிக்கிறவர்களின் வயிற்றில் கைவைத்துக் கைவைத்துச் சேர்த்த அனுபவமாகவே இதைப் பார்க்கிறேன்.

அப்படிப்பட்ட அனுபவத்துக்கு உடலில் அடிப்படை இருக்கிறதா? இருக்கிறது. உள்ளுறுப்பு நோய்வாய்ப்படும்போது தோலில் குறிப்பிட்ட பட்டைகள் தொட்டாலே கூசுவதை 1893-இல் ஆங்கில மருத்துவர் ஹென்றி ஹெட் விரிவாகப் பதிவு செய்தார். உறுப்பிலிருந்து வரும் நரம்பும் தோல், தசையிலிருந்து வரும் நரம்பும் தண்டுவடத்தின் ஒரே கணுவில் வந்து சேர்வதால், செய்தி எங்கிருந்து வந்தது என்று மூளைக்குப் பிரித்தறிய முடிவதில்லை. குடல்வால் வீக்கம் முதலில் தொப்புளைச் சுற்றி வலிப்பதும், மாரடைப்பு இடக்கையில் தெரிவதும் இதனால்தான். வலது விலாவின் கீழே அழுத்தியபடி மூச்சை உள்ளிழுக்கச் சொன்னால், பித்தப்பை வீங்கியவருக்கு மூச்சு பாதியில் நின்றுவிடும். அமெரிக்க அறுவை மருத்துவர் மர்ஃபியின் பெயரால் இன்றும் மருத்துவ மாணவர்கள் கற்கும் சோதனை இது. பித்தப்பைக்குரிய மூ புள்ளியான ரியுவே அதற்குச் சற்று மேலே, ஏழாம் விலா இடைவெளியில் இருக்கிறது. சிறுநீரகத்துக்குரியது பன்னிரண்டாம் விலாவின் நுனியில், சிறுநீர்ப்பைக்குரியது அடிவயிற்றில். எல்லாம் இப்படிப் பொருந்திவிடுவதில்லை. சிறுகுடல் வலி தொப்புளைச் சுற்றித் தெரியும். அதன் மூ புள்ளி மூன்று சுன் கீழே கிடக்கிறது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும்: அழுத்தினால் எந்த வயிறுதான் வலிக்காது? விரலின் பலத்துக்கும் ஆளுக்கும் ஏற்ப விடை மாறுமே? மாறும். வலி உறுப்பிலிருந்துதான் வருகிறது என்றும் சொல்ல முடியாது; வயிற்றுச் சுவரின் தசையே வலிக்கலாம். 1926-இல் மருத்துவர் ஜான் கார்னெட் இதற்கு எளிய வழி சொன்னார்: அழுத்திய விரலை எடுக்காமல் நோயாளியைத் தலையைத் தூக்கச் சொல்லுங்கள். தசை இறுகும்போது வலி கூடினால் கோளாறு பெரும்பாலும் சுவரில், குறைந்தால் உள்ளே. எந்த அக்குபங்சர் மேசையிலும் செய்யக்கூடிய இந்தச் சோதனையைச் செய்யாமல், 'சோங்வான் வலிக்கிறது, ஆகவே இரைப்பை பலவீனம்' என்று முடிவுகட்டுவதை என்னால் ஏற்க முடியாது. தொடுதலைக் கூர்மையாக்கும் பயிற்சி ஜப்பானில் வெகுதூரம் போனது. 16-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த முபுன் என்ற துறவியின் வழிவந்தவர்கள் வயிற்றை மட்டுமே பார்த்து, தடித்த ஊசியைச் சிறு சுத்தியலால் மெல்லத் தட்டி வயிற்றிலேயே சிகிச்சையும் செய்தார்கள். அந்தக் கைநுணுக்கத்தை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் விரல் எழுப்பும் கேள்விக்கு ஸ்கேனும் இரத்தப் பரிசோதனையும்தான் பல நேரம் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

சிகிச்சைக்கு வருவோம். நாள்பட்ட கடுமையான மலச்சிக்கல் உள்ள 1,075 பேரிடம் சீனாவின் 15 மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு 2016-இல் வெளியானது. தியன்ஷூ உள்ளிட்ட புள்ளிகளில் ஊசி குத்தி மின்தூண்டல் தந்ததில், வாரம் மூன்று முறையாவது முழுமையாக மலம் கழித்தவர்கள் 31.3 சதவீதம், புள்ளியல்லாத இடங்களில் மேலோட்டமாகப் போலி ஊசி பெற்றவர்களில் 12.1 சதவீதம். சாப்பிட்டதும் வயிறு கனக்கும் செரிமானக் கோளாறுக்கு மார்பின் தான்சோங்கையும் வயிற்றின் சோங்வான், தியன்ஷூவையும் சேர்த்துப் பயன்படுத்திய 2020-ஆம் ஆண்டு ஆய்வில் 83 சதவீதத்தினர் தேறினார்கள். போலி ஊசியிலும் 51.6 சதவீதத்தினர் தேறினார்கள். இரண்டாவது எண்ணை மறைக்கக் கூடாது. இந்த ஆய்வில் கிடைத்த பலனில் பெரும்பங்கு கவனிப்பாலும் நம்பிக்கையாலும் நோயின் இயல்பான ஏற்ற இறக்கத்தாலும் வருகிறது. அப்படியானால் எங்கே குத்தினாலும் ஒன்றுதானே என்று கேட்கலாம். விலங்கு ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. மயக்கத்தில் இருந்த எலிகளின் வயிற்றைத் தூண்டினால் இரைப்பையின் அசைவு குறைந்தது, பின்னங்காலைத் தூண்டினால் கூடியது என்று ஜப்பானில் அகியோ சாதோவின் குழு காட்டியது. சுண்டெலியின் பின்னங்காலில் தந்த மெல்லிய மின்தூண்டல், வேகஸ் நரம்பு வழியே அட்ரீனல் சுரப்பியை எட்டி அழற்சியைத் தணிப்பதையும், வயிற்றில் தந்த அதே தூண்டல் அந்தப் பாதையை இயக்காததையும் 2021-இல் ஹார்வர்டின் சியூஃபூ மா குழு கண்டது. வயிற்றில் வலுவாகத் தூண்டினால் வேறொரு பாதை விழிக்கிறது. அழற்சிக்கு முன்பு தந்தால் அதைக் குறைக்கிறது, பின்பு தந்தால் கூட்டுகிறது என்று அதே குழு முந்தைய ஆண்டு சொல்லியிருந்தது. இடம் முக்கியம் என்ற பழைய கூற்றுக்கு இது வலுச் சேர்க்கிறது. கூடவே, தவறான நேரத்தில் தூண்டினால் கெடுதல் வரலாம் என்ற எச்சரிக்கையும் இதில் இருக்கிறது.

மேற்சொன்ன மலச்சிக்கல், செரிமான ஆய்வுகள் இரண்டும் உறுப்பின் இயக்கம் தடுமாறிய கோளாறுகளைப் பற்றியவை. வயிறு பலகைபோல் இறுகி, தொட விடாமல் வலிக்கும்போது உள்ளே குடல் துளைபட்டிருக்கலாம். அப்போது ஊசிப் பெட்டியைத் திறக்காமல் நோயாளியை அறுவை சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும். மார்பிலோ ஊசியே ஆபத்தாகலாம். விலா இடைவெளியில் நேராக ஆழமாகப் போகும் ஊசி நுரையீரலின் உறையைத் துளைத்துக் காற்றை உள்ளே விடும். அதனால்தான் அங்கே சாய்வாகவும் மேலோட்டமாகவும் குத்தச் சொல்கிறார்கள். இரு முலைக்காம்புகளுக்கு நடுவே, மார்பெலும்பின்மேல் இருக்கும் தான்சோங், அடியில் எலும்பு இருப்பதால் பத்திரமானது என்று தோன்றும். நூறு பேரில் சுமார் ஐந்து பேருக்கு மார்பெலும்பின் கீழ்ப்பகுதியில் பிறவியிலேயே ஒரு துளை இருக்கிறது. அதன் வழியே ஊசி இதயத்தை எட்டி உயிர் போனதும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. அந்தத் துளையைத் தசைநாரும் தோலும் மூடியிருக்கும். எவ்வளவு தேர்ந்த விரலுக்கும் அது தட்டுப்படாது.