டிஸ்சார்ஜ் ஆனவருக்கு வீடு எங்கே? கேரள பஞ்சாயத்துகள் கையில் எடுத்த வேலை

பக்கவாதம் வந்து அரசு மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட ஒருவர். உயிருக்கு ஆபத்து நீங்கியதும் டாக்டர் டிஸ்சார்ஜ் எழுதுகிறார். இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்கணும், முதுகில் புண் வராமல் பார்க்கணும், மாத்திரையை நிறுத்தக் கூடாது. எல்லாம் சரி, அவருக்கு வீடே இல்லை என்றால்?

வீடு இருந்தும் கூரை ஒழுகினால்? கூரை நன்றாக இருந்தும், திருப்பிப் படுக்க வைக்க ஆள் இல்லை என்றால்?

நம் ஊரில் இந்தக் கேள்விகள் மூன்று ஆபீஸுக்குப் போகும். மருந்துக்குச் சுகாதாரத் துறை, வீட்டுக்கு ஊரக வளர்ச்சித் துறை, உதவித்தொகைக்குத் தாலுகா ஆபீஸ். தனித்தனி விண்ணப்பம், தனித்தனி ஜெராக்ஸ். விண்ணப்பிக்க வேண்டியவரோ படுக்கையில் கிடக்கிறார்.

இந்த மூன்றையும் ஒரே மேஜைக்குக் கொண்டுவர முடியுமா என்று பக்கத்து மாநிலமான கேரளா முயன்று பார்த்தது. அந்த மேஜை தலைமைச் செயலகத்தில் இல்லை, பஞ்சாயத்து ஆபீஸில் இருக்கிறது. 2025 நவம்பர் 1 அன்று, அதிதீவிர வறுமை இல்லாத மாநிலம் கேரளா என்று முதல்வர் பினராயி விஜயன் அறிவித்தார். சட்டமன்றத்தை எதிர்க்கட்சி புறக்கணித்தது, மாலை விழாவுக்கு மம்மூட்டி வந்தார், டிவி விவாதங்கள் சூடு பிடித்தன. அறிவிப்பு உண்மையா பொய்யா என்ற சண்டையில், வேலை எப்படி நடந்தது என்பதைப் பலரும் கவனிக்கவில்லை. தமிழ்நாட்டுக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது அதைத்தான்.

எந்த லிஸ்ட்டிலும் இல்லாதவர்களின் லிஸ்ட்

நிதி ஆயோக் 2021-ல் வெளியிட்ட பல்பரிமாண வறுமை அறிக்கையில், கேரள மக்கள்தொகையில் ஏழைகள் 0.71 சதவீதம் மட்டுமே. நாட்டிலேயே மிகக் குறைவு. அப்புறம் எதற்கு இன்னொரு கணக்கெடுப்பு?

ஏன்னா, அந்தக் கடைசி ஒரு சதவீதத்தில் இருப்பவர்கள் மற்ற ஏழைகளைப் போன்றவர்கள் அல்ல. ரேஷன் கார்டு இருக்காது. ஆதார் இருக்காது. முகவரி இல்லாததால் இரண்டும் கிடைக்காது, இரண்டும் இல்லாததால் பென்ஷனும் கிடைக்காது. திட்டம் எத்தனை வந்தாலும் இவர்கள் விண்ணப்பிக்க மாட்டார்கள். யாராவது தேடிப் போகணும்.

2021 மே மாதம், இரண்டாவது பினராயி அரசின் முதல் அமைச்சரவைக் கூட்டத்திலேயே இதற்கு முடிவெடுத்தார்கள். வடக்காஞ்சேரி நகராட்சி, கடலோரத்து அஞ்சுதெங்கு, பழங்குடிகள் அதிகம் வாழும் வயநாட்டின் திருநெல்லி ஆகிய மூன்று இடங்களில் முதலில் சோதித்துப் பார்த்தார்கள். பிறகு மாநிலம் முழுக்க, வார்டு வார்டாக. வார்டு உறுப்பினர், ஆஷா பணியாளர், அங்கன்வாடி ஊழியர், குடும்பஸ்ரீ பெண்கள் எல்லாரும் உட்கார்ந்து, இந்த வார்டில் ரொம்பக் கஷ்டத்தில் இருப்பது யார் என்று பெயர் சொல்லணும். விண்ணப்பப் படிவம் கிடையாது.

இப்படிச் சுமார் 1.18 லட்சம் குடும்பங்களின் பெயர்கள் வந்தன. நேரில் போய்ப் பார்த்து, மொபைல் ஆப்பில் பதிந்து, மறுபடி சரிபார்த்து, கடைசியாகக் கிராம சபையில் வைத்து ஒப்புதல் வாங்கியபோது மிஞ்சியது 64,006 குடும்பங்கள். ஆட்கள் கணக்கில் 1,03,099 பேர். வகுத்துப் பார்த்தால் குடும்பத்துக்கு இரண்டு பேர்கூடத் தேறவில்லை! அந்தப் பட்டியலில் 43,850 குடும்பங்கள் தனி ஆள் குடும்பங்கள். அதாவது மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல், பார்த்துக்கொள்ள யாருமே இல்லாதவர்கள்.

இவர்களிடம் கேட்டது நான்கே விஷயங்கள். சாப்பாடு, உடல்நிலை, வருமானம், தங்குமிடம். இதில் எது இல்லை, எது முதலில் வேண்டும் என்று ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித் திட்டம் எழுதப்பட்டது. ஒருவருக்குத் தினமும் சமைத்த சாப்பாடு, இன்னொருவருக்கு டயாலிசிஸுக்குப் போக வண்டி, வேறொருவருக்கு முதல் வேலையே ஆதார் கார்டு. ஆவணங்களுக்கு மட்டும் தனி முகாம்கள் நடந்தன. அப்படி அடையாள ஆவணங்கள் பெற்றவர்கள் 21,263 பேர் என்கிறது அரசு.

பஞ்சாயத்துக்கு நர்ஸ் எங்கிருந்து வந்தார்?

எழுதிய திட்டத்தைச் செய்து முடிக்க ஆள் வேண்டுமே. கேரளா இங்கேதான் மாறுபடுகிறது. இதற்காகப் புதிதாக ஒரு துறையைத் தொடங்கவில்லை. பஞ்சாயத்திடம் ஏற்கெனவே நர்ஸ் இருந்தார்.

அந்தக் கதை 1993-ல் தொடங்குகிறது. கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியை ஒட்டி டாக்டர் எம்.ஆர்.ராஜகோபாலும் நண்பர்களும் வலித் தணிப்பு சிகிச்சைக்காக ஒரு அமைப்பைத் தொடங்கினார்கள். புற்றுநோய் முற்றியவர்கள் வலியில்லாமல் இருக்க உதவுவதுதான் நோக்கம். சீக்கிரமே ஒரு விஷயம் புரிந்தது. நோயாளி ஆஸ்பத்திரியில் இருப்பது சில நாட்கள்தான், மீதி நாளெல்லாம் வீட்டில்தான் கிடக்கிறார். 1990-களின் கடைசியில் மலப்புறத்தில் அக்கம்பக்கத்தினரே இதைக் கையில் எடுத்தார்கள். ஆட்டோ ஓட்டுநர், கல்லூரி மாணவர், கடைக்காரர் என்று யார் வேண்டுமானாலும் பயிற்சி எடுத்துக்கொண்டு வாரத்தில் சில மணி நேரம் நோயாளி வீட்டுக்குப் போகலாம். செலவுக்கு உண்டியல்.

2008-ல் கேரள அரசு இதற்கென்று ஒரு கொள்கையே வெளியிட்டது. அதன் பிறகு வீட்டுக்கே போய்ப் பார்க்கும் சேவை உள்ளாட்சிகளின் வேலையானது. பஞ்சாயத்து நிதியில் சம்பளம் வாங்கும் நர்ஸ், ஆஷா பணியாளரோடு வண்டியில் கிளம்புவார். படுக்கைப் புண்ணுக்கு மருந்து கட்டுவார், சிறுநீர்க் குழாய் மாற்றுவார், எப்படித் தூக்கி உட்கார வைப்பது என்று வீட்டில் இருப்பவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பார். புற்றுநோய் மட்டுமில்லை, பக்கவாதம், முதுகுத்தண்டு முறிவு, முதுமை எல்லாமே கணக்கில் வரும்.

இப்படி வீடு வீடாகப் போகிறவர் கண்ணில் நோய் மட்டுமா படும்? ஒழுகும் கூரை படும். கழிப்பறை இல்லாதது படும். அதை அவர் சொல்லப்போவது யாரிடம்? வீட்டுத் திட்டப் பட்டியலைக் கையில் வைத்திருக்கும் அதே பஞ்சாயத்திடம்.

நான்கு லட்சம் ரூபாய் வீடு

அந்தப் பட்டியல் 'லைஃப் மிஷன்' உடையது. 2017-ல் களத்துக்கு வந்த திட்டம். முதல் கட்டமாக, பழைய அரசுத் திட்டங்களில் பாதியில் நின்றுபோன 50,000-க்கும் மேற்பட்ட வீடுகளை முடித்தார்கள். அடுத்து நிலம் இருந்து வீடு இல்லாதவர்கள், அதற்கடுத்து நிலமும் இல்லாதவர்கள். ஒரு வீட்டுக்குப் பொதுவாக 4 லட்சம் ரூபாய். இதுவரை நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் முடிந்திருக்கின்றன. பயனாளியைத் தேர்ந்தெடுப்பது, கிராம சபையில் வைப்பது, தவணை தவணையாகப் பணம் கொடுப்பது, சொந்த நிதியில் ஒரு பங்கு போடுவது எல்லாம் உள்ளாட்சிகள். மீதிக்கு மாநில அரசின் பணமும் ஹட்கோ கடனும். நிலமில்லாதவர்களுக்காக, வசதி உள்ளவர்களிடம் நாலு சென்ட் இடம் கேட்டு வாங்கும் இயக்கமும் நடந்தது.

கிராமப்புற பிரதமர் வீட்டுத் திட்டத்தில் மத்திய அரசு தரும் பங்கு வீட்டுக்கு 72,000 ரூபாய்தான். ஆனால் வீட்டு வாசலில் திட்டத்தின் பெயரும் சின்னமும் இருக்கணும் என்றது டெல்லி. வாழ்நாள் முழுக்க ஒரு குடும்பம் தன் வீட்டில் 'இது தானமாகக் கிடைத்தது' என்ற போர்டை மாட்டிக்கொண்டு இருக்கணுமா என்று கேட்டு கேரளா மறுத்தது. அரசியல் சண்டைதான். ஆனாலும் கேள்வி நியாயமானது.

பணமும் ஆளும்

இதெல்லாம் கேரள பஞ்சாயத்துத் தலைவர்கள் நல்லவர்கள் என்பதால் நடந்ததில்லை. 1996-ல் 'மக்கள் திட்டம்' தொடங்கியபோது, மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதத்தை உள்ளாட்சிகளுக்கே தருவதாக முடிவானது. இப்போது அந்தப் பங்கு 30-க்குக் கீழே வந்துவிட்டது, ஆனாலும் மற்ற மாநிலங்களோடு ஒப்பிட்டால் பெரிய தொகை. கூடவே ஆரம்ப சுகாதார நிலையமும் பஞ்சாயத்தின் பொறுப்புக்கு வந்தது.

இன்னொரு விஷயம், அளவு. கேரளாவில் கிராம பஞ்சாயத்துகள் 941. தமிழ்நாட்டில் சுமார் 12,500. கேரளாவின் ஒரு பஞ்சாயத்தில் சராசரியாக 25,000 பேருக்கு மேல் இருப்பார்கள், அது கிட்டத்தட்ட நம் ஊர்ப் பேரூராட்சி ஒன்றின் அளவு. நர்ஸ், இன்ஜினியர் எல்லாம் வைத்துக்கொள்ள அதனால் முடிகிறது. சில ஆயிரம் பேர் மட்டுமே உள்ள நம் ஊராட்சியில், செயலரைத் தாண்டி யாரை வைத்துக்கொள்வது?

தமிழ்நாட்டில் சேவை இல்லை என்று சொல்ல முடியாது. 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோகிறது, பிசியோதெரபியும் வலித் தணிப்பு சிகிச்சையும் தருகிறது. 2024-ல் ஐ.நா. அமைப்பின் விருதும் கிடைத்தது. 'கலைஞர் கனவு இல்லம்' 360 சதுர அடி வீட்டுக்கு 3.5 லட்சம் தருகிறது. ஆனால் மாத்திரை கொண்டுவருபவர் ஒரு துறையின் ஆள், வீட்டுப் பட்டியல் இன்னொரு துறையின் கையில். இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டிய ஊராட்சியோ, 28 மாவட்டங்களில் 2025 ஜனவரி 5-உடன் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்களிடம் போய்விட்டது.

இடிக்கும் இடங்கள்

கேரளாவின் அறிவிப்பை எல்லாரும் கைதட்டி வரவேற்கவில்லை. எம்.ஏ.உம்மன் உள்ளிட்ட பொருளாதார அறிஞர்கள் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். ஏழைகளிலும் ஏழைகளுக்கான அந்த்யோதயா ரேஷன் கார்டு மாநிலத்தில் சுமார் 5.92 லட்சம் குடும்பங்களிடம் இருக்கிறதே, 64,006 எப்படி வந்தது என்பது அவர்கள் கேள்வி. அந்தக் கார்டு வேறு, இந்தப் பட்டியல் வேறு என்றது அரசு. பதிலில் பாதி நியாயம் இருக்கிறது. கார்டுகூட இல்லாதவர்களைத் தேடியதுதான் இந்த வேலை. ஆனால் அப்படியானால் 'ஒழித்துவிட்டோம்' என்ற வார்த்தை ரொம்பப் பெரியது.

பெயர் சொல்லிக் கொடுத்த ஆஷா பணியாளர்களின் நிலையைப் பாருங்கள். 2025 பிப்ரவரி 10 முதல் 260 நாட்களுக்கும் மேலாகத் தலைமைச் செயலகம் முன்பு உட்கார்ந்திருந்தார்கள். மாநில அரசின் மாத மதிப்பூதியம் 7,000 ரூபாய். அவர்கள் கேட்டது 21,000. கிடைத்தது 1,000 உயர்வு. வறுமை இல்லாத மாநிலம் என்ற அறிவிப்பும் அவர்கள் பந்தலைப் பிரித்ததும் ஒரே நேரத்தில் நடந்தது.

மூணாறு தேயிலைத் தோட்டங்களில் இருக்கும் தமிழர்களுக்கு வேறொரு சிக்கல். தலைமுறை தலைமுறையாக வேலை செய்தாலும் அவர்கள் இருப்பது கம்பெனியின் லயத்தில். ஓய்வு பெற்றால் காலி செய்யணும். நிலம் பஞ்சாயத்துடையதும் இல்லை, தொழிலாளியுடையதும் இல்லை. அப்புறம் பஞ்சாயத்து எங்கே வீடு கட்டித் தரும்? 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மண் சரிந்து லயங்களோடு புதைந்துபோன 70 பேரில் பலருக்குத் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு பக்கம்தான் பூர்வீகம்.

பட்டியலுக்குள்ளேயும் கணக்கு நேராக முடியவில்லை. 64,006-ல் தொடங்கி கடைசியில் வந்து நின்றது 59,277. இடைப்பட்ட நான்கு ஆண்டுகளில் 4,421 தனி ஆள் குடும்பங்கள் இல்லாமலே போய்விட்டன. அதாவது அந்த ஒற்றை ஆளும் இறந்துவிட்டார். 47 பெயர்கள் இரண்டு முறை பதிவானவை. மீதி 261 நாடோடிக் குடும்பங்களைத் தேடியும் கண்டுபிடிக்க முடியவில்லை. இந்த ஏற்பாடு முழுக்க வார்டை வைத்துத்தான் ஓடுகிறது. அவர்கள் எந்த வார்டில் இருக்கிறார்கள் என்று சொல்ல யாரும் இல்லை.