புகைப் பழக்கம் நீங்கத் தொலைபேசி ஆலோசனையும் மெல்லும் மருந்தும்

பீடியை நிறுத்திவிட வேண்டும் என்று ஒரு முறையேனும் சபதம் செய்யாத பீடிக்காரரை நம் கிராமங்களில் காண்பது அரிது. மருத்துவர் அதட்டியதால் ஒரு வாரம் நிறுத்தியவர்கள் உண்டு. சபரிமலைக்கு மாலையணிந்து ஒரு மண்டலம் அதைத் தொடாதிருந்தவர்கள் உண்டு. மகள் கல்யாணத்தோடு விட்டேன் என்று கூறி, மறுமாதமே தேநீர்க் கடைப் பெஞ்சில் மீண்டும் பற்றவைத்தவர்களும் உண்டு. 2016-17-ஆம் ஆண்டில் நாடு முழுவதும் நடைபெற்ற புகையிலைக் கணக்கெடுப்பின்படி, புகைக்கும் பழக்கமுள்ள வயது வந்தோரில் நூற்றுக்கு 55 பேர் அதை விட்டுவிடும் எண்ணங் கொண்டிருந்தனர். எனவே குறை எண்ணத்தில் இல்லை. விட முயன்று தோற்றவரை மனவுறுதியற்றவர் என்று ஊரார் ஏளனஞ் செய்வதும், அவரே அதை நம்பிச் சோர்ந்துவிடுவதும் சரியல்ல என்பதே நமது அபிப்பிராயம். ஒருவரைப் பீடியோடு பிணைக்கும் கயிறுகள் இரண்டு. இரண்டையும் ஒருசேர அவிழ்த்தாலன்றி விடுதலை கிட்டுவது கடினம்.

முதற்கயிறு தேகத்தைச் சார்ந்தது. புகையிலையிலுள்ள நிக்கோட்டின் என்னும் பொருள் புகையோடு நுரையீரலையடைந்து, சில விநாடிகளுக்குள் மூளையைச் சேர்கிறது. நாளடைவில் மூளை அதற்குப் பழகி, குறித்த நேரத்தில் அதை எதிர்பார்க்கத் தொடங்குகிறது. கிடைக்காவிட்டால் எரிச்சல், பதற்றம், தூக்கமின்மை, வேலையில் மனம் பதியாமை முதலியன தோன்றுகின்றன. இவை முதல் சில நாட்களில் உச்சத்தையடைந்து, இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குள் பெரும்பாலும் தணிந்துவிடும். காலையில் ஒரு பீடி பிடித்தாலன்றி மலங்கழியாது என்று பலர் கூறுவதிலும் சிறிது உண்மையுண்டு. நிக்கோட்டின் குடலைத் தூண்டும் இயல்புடையது. பழக்கத்தை விட்ட சில நாட்களுக்கு மலச்சிக்கல் ஏற்படலாம். நிறையத் தண்ணீரும், கீரையும், பழமும் உட்கொண்டால் அது நீங்கிவிடும்.

பீடியில் நிக்கோட்டின் குறைவு, சிகரெட்டைப் போல் அது கெடுதி செய்யாது என்றொரு எண்ணமும் நிலவுகிறது. இது தவறு. இலையில் சுற்றிய பீடி எளிதில் அணைந்துவிடும் இயல்புடையதாகையால் அதை அடிக்கடி இழுக்க வேண்டியிருக்கிறது. உள்ளே செல்லும் நஞ்சும் அதற்கேற்ப மிகுதியாகிறது.

இங்கு ஒரு வேறுபாட்டை வாசகர்கள் மனத்திற் கொள்ள வேண்டும். புகைப்பவரை அடிமையாக்குவது நிக்கோட்டின். ஆனால் புற்றுநோய், நுரையீரல் நோய், மாரடைப்பு ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் காரணமாயிருப்பவை புகையிலுள்ள தார், கார்பன் மோனாக்சைடு முதலான நச்சுப் பொருள்களேயாம். அவ்வாறாயின், புகையில்லாமல் நிக்கோட்டினை மாத்திரம் சிறிது சிறிதாக அளித்து, பின்னர் அதையும் படிப்படியாகக் குறைத்துவிடலாமன்றோ? இந்த யோசனை பிறந்த விதம் சுவையானது. நீர்மூழ்கிக் கப்பல்களில் புகைக்க இயலாத மாலுமிகள் வாய்ப்புகையிலையை அடக்கிக்கொண்டு சமாளிப்பதைச் சுவீடன் தேசத்து லுண்ட் நகரின் அறிஞர் கிளாஸ் லுண்ட்கிரென் கவனித்தார். 1967-ஆம் ஆண்டில் அதை ஓவே ஃபெர்னோ என்ற மருந்து ஆராய்ச்சியாளருக்குத் தெரிவித்தார். அதன் பயனாக உருவான நிக்கோட்டின் சூயிங் கம், 1978-இல் முதன்முதலாகச் சுவிட்சர்லாந்தில் மருந்தாக அங்கீகரிக்கப்பட்டது. 2009-ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் நிக்கோட்டின் மாற்று மருந்துகளைத் தனது இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது.

இம்மருந்தை வாங்கியும் பயனடையாதோர் பலர். காரணம், அதைக் குழந்தைகள் மிட்டாய் மெல்லுவது போல் விடாமல் மென்று, எச்சிலை விழுங்கிவிடுவதே. அவ்வாறு செய்தால் நிக்கோட்டின் வயிற்றுக்குள் சென்று குமட்டலும் விக்கலும் உண்டாகும், ஏக்கமோ தணியாது. மெதுவாகச் சில முறை மெல்ல வேண்டும். காரமான சுவையோ, ஒருவகைச் சுறுசுறுப்போ வாயில் தோன்றியவுடன் மெல்லுவதை நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையே ஒதுக்கிக்கொள்ள வேண்டும். அந்தச் சுவை அடங்கியதும் மீண்டும் சிறிது மென்று, வாயின் வேறொரு பக்கத்தில் ஒதுக்க வேண்டும். இவ்வாறு ஒரு துண்டு அரைமணி நேரம் வரும். வெற்றிலை போடும் நம் மக்களுக்கு, ஒதுக்கி வைப்பது எப்படியென்று எவரும் கற்றுத்தர வேண்டியதில்லை!

வெற்றிலையைப் பற்றிப் பேசும்போது மற்றொன்றும் நினைவுக்கு வருகிறது. புகையிலையோடு சுண்ணாம்பு சேரும்போது அது விரைவில் 'ஏறுவது' ஏன்? காரத்தன்மையுள்ள வாயில் நிக்கோட்டின் எளிதாக உறிஞ்சப்படுகிறது. புளிப்பேறிய வாயில் உறிஞ்சப்படுவதில்லை. ஆகையால் இம்மருந்தை மெல்லுவதற்குக் கால்மணி நேரம் முன்பிருந்தும், மெல்லும்போதும் காப்பி, எலுமிச்சைச் சாறு, மோர் முதலியவற்றைத் தவிர்க்க வேண்டும்.

மருந்து 2 மில்லிகிராம், 4 மில்லிகிராம் என இரு அளவுகளில் உண்டு. எழுந்த அரைமணி நேரத்துக்குள் முதற்பீடியைப் பற்றவைப்பவருக்குப் பெரிய அளவு வேண்டியிருக்கும். முதல் ஆறு வாரங்கள் ஒன்று அல்லது இரண்டு மணிக்கொரு துண்டு, பிறகு இடைவெளியைப் படிப்படியாக நீட்டி, ஏறக்குறைய மூன்று மாதங்களில் நிறுத்திவிடுவது வழக்கம். பத்து நாட்களிலேயே சரியாகிவிட்டதென்று கைவிடுவோரே மிகுதி. கர்ப்பிணிகளும், அண்மையில் மாரடைப்பு வந்தவர்களும் மருத்துவரைக் கலந்தே இதைத் தொடங்க வேண்டும். தோலில் ஒட்டிக்கொள்ளும் பட்டை வடிவிலும் நிக்கோட்டின் கிடைக்கிறது.

இனி, இரண்டாவது கயிறு. மாலையணிந்தவர் ஒரு மண்டலம் புகைக்காதிருந்தாரே, அதற்குள் அவருடைய தேகத்தின் ஏக்கம் பெரும்பாலும் அடங்கியிருக்குமே, மலையிலிருந்து திரும்பியதும் மீண்டும் ஏன் தொடங்கினார்? தேநீர்க் கடையும், இரவு நீர் பாய்ச்சும் வரப்பும், பேருந்துக்குக் காத்திருக்கும் நிழலும், "இந்தாப்பா" என்று நீட்டும் சிநேகிதரும் அப்படியே இருந்ததுதான் காரணம். இதற்கு மருந்தில்லை. பேச்சுத்தான் மருந்து.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 1985-ஆம் ஆண்டிலேயே இதற்கெனத் தொலைபேசிச் சேவை ஏற்பட்டது. நம் நாட்டில் 2016-ஆம் ஆண்டு மே மாதம் டில்லியிலுள்ள வல்லபபாய் படேல் நெஞ்சக நோய் நிறுவனத்தில் இத்தகைய தேசியச் சேவை தொடங்கப்பெற்றது. பின்னர் 2018-இல் மும்பை, குவாஹாத்தி, பெங்களூரு நகரங்களுக்கும் அது விரிவாக்கப்பட்டது. பெங்களூரிலுள்ள நிம்ஹான்ஸ் நிறுவனம் தென்னாட்டு மொழிகளில் பேசுவோருக்கு உதவுகிறது. ஆதலால் தமிழிலேயே பேசலாம். எண் 1800-11-2356. கட்டணமில்லை. 2018 செப்டம்பர் முதல் புகையிலைப் பொட்டலங்களின் மீதே இவ்வெண் அச்சிடப்பட்டு வருகிறது. வாங்குவோர் கையில் நாள்தோறும் இருந்தும், அது என்னவென்று வினவுவோர் சிலரே.

அழைப்பவரை எவரும் கடிந்துகொள்வதில்லை. நாளொன்றுக்கு எத்தனை பீடி, முதற்பீடி எப்போது, முன்பு விட்டதுண்டா, எதனால் மீண்டும் தொடங்கினார் என்று ஆலோசகர் விசாரிப்பார். பிறகு இருவருமாக விடும் நாளைக் குறிப்பர். எந்தெந்த வேளையில் ஏக்கம் எழும் என்பதை முன்னரே கணக்கிட்டு, ஒவ்வொன்றுக்கும் மாற்று ஏற்பாடு செய்துகொள்வர். ஏக்கம் அலைபோல் எழுந்து சில நிமிடங்களில் தணியக்கூடியது. அந்தச் சில நிமிடங்களைத் தண்ணீர் அருந்தியோ, மூச்சை ஆழ இழுத்துவிட்டோ, இடத்தைவிட்டு நடந்தோ கழிப்பதற்கு அவர் பழக்குவார். இதைவிட முக்கியமானது, ஒருமுறை பேசியதோடு நின்றுவிடாமல், குறித்த நாளிலும் அதன் பின்னும் சேவையாரே திரும்ப அழைத்து நிலைமையை விசாரிப்பதாகும். "அவர் கேட்பாரே" என்ற எண்ணமே பலரது கையைத் தடுக்கிறது.

பல நாடுகளில் நடந்த ஆராய்ச்சிகளைத் தொகுத்துப் பார்த்ததில், நிக்கோட்டின் மாற்று மருந்தை உபயோகிப்போர் வெற்றி பெறும் வாய்ப்பு, உபயோகிக்காதோரைக் காட்டிலும் சுமார் ஒன்றரை மடங்காகக் காணப்பட்டது. திரும்பத் திரும்ப அழைத்துக் கூறும் ஆலோசனையும் வாய்ப்பைக் கூட்டுகிறது. எனினும் முதல் முயற்சியிலேயே வெற்றி பெறுவோர் சிறுபான்மையினரே என்பதை மறைப்பதற்கில்லை. மீண்டும் புகைத்துவிட்டவர் வெட்கப்பட்டு ஒளிய வேண்டுவதில்லை. அதே எண்ணை மறுபடியும் அழைக்கலாம். இம்முறை எங்கே சறுக்கினார் என்பது இருவருக்கும் தெரிந்திருக்கும்.

நடைமுறையில் இரண்டு இடையூறுகள் உள்ளன. பீடி ஊருக்கு நான்கு கடையில் கிடைக்கிறது. மருந்துக்கோ டவுனுக்குப் போக வேண்டியிருக்கிறது. டவுனுக்குப் போகும்போதே இரண்டு வாரத்துக்கு வேண்டியதை வாங்கி வைத்துக்கொண்டு, அதன் பிறகே விடும் நாளைக் குறிப்பது நலம். மற்றொன்று, வீட்டார் முன்னிலையில் இதைப் பற்றிப் பேச ஆண்கள் கூசுகிறார்கள். கண்மாய்க் கரைக்கோ களத்து மேட்டுக்கோ சென்று பேசட்டும்! கிராமச் சுகாதாரச் செவிலியர் முதலழைப்பைத் தாமே செய்து கொடுத்துச் சற்று விலகி நின்றால், அது பேருதவியாகும்.

மென்று தீர்ந்த துண்டிலும் நிக்கோட்டின் எஞ்சியிருக்கும். அதைத் தெருவில் துப்பாமல், காகிதத்தில் சுற்றிக் குழந்தைகளுக்கும் நாய்களுக்கும் எட்டாத இடத்தில் போட வேண்டும். புதிய அட்டையையும் மிட்டாயென்று குழந்தைகள் எடுத்துவிடாதவாறு உயரத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.