நடப்பதால் வாழும் வழிகள்: ஏவ்பரிச் சிற்றூரும் அதன் தொல்பாதைகளும்

தமிழில் 'ஆறு' என்னும் சொல்லுக்கு நீரோடும் ஆறு என்பதோடு வழி என்னும் பொருளும் உண்டு. வழி சென்று மீண்ட ஒருவர், இனிச் செல்லவிருப்பவருக்கு அவ்வழியை எடுத்துரைப்பதை நம் முன்னோர் ஆற்றுப்படை என்னும் தனி இலக்கிய வகையாகவே வளர்த்தனர். அம்மரபை மனத்திற்கொண்டு, இங்கிலாந்தின் தென்மேற்கே வில்ட்ஷயர் மாவட்டத்தில் உள்ள ஏவ்பரி என்னும் சிற்றூரைச் சுற்றிய நடைவழிகளை இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம். அவ்வழிகளின் அழகைக் கூறுவது மட்டும் நம் நோக்கமன்று. ஒரு வழியை வழியாக நிலைநிறுத்துவது எது என்னும் வினாவுக்கு அவ்வூர் தரும் விடையைக் காண்பதே நம் நோக்கம்.

கல்வட்டத்துள் ஓர் ஊர்

ஏவ்பரியின் வீடுகள் சிலவும் அதன் ஊர்த்தெருவும் ஒரு தொல்பழங்கால வட்டத்தின் உள்ளே அமைந்துள்ளன. ஏறத்தாழ 4,500 ஆண்டுகளுக்கு முன், மான்கொம்புகளைக் கருவியாகக் கொண்டு மக்கள் அங்கு ஒரு பெரும் அகழியைத் தோண்டி, அதன் புறத்தே மண்ணைக் கரையாக உயர்த்தினர். அகழியை ஒட்டி உட்புறத்தில் 'சார்சன்' எனப்படும் கடினமான மணற்கற்களை வட்டமாக நிறுத்தினர். உலகிலுள்ள கல்வட்டங்களுள் மிகப் பெரியது இதுவே.

1649ஆம் ஆண்டு வேட்டைக்குச் சென்ற ஜான் ஆப்ரி என்னும் அறிஞர் இவ்வட்டத்தின் சிறப்பை உணர்ந்து எழுதினார். எனினும் அடுத்த நூற்றாண்டில் பல கற்கள் உடைக்கப்பட்டன. கல்லைத் தீயால் சுட்டு, அதன் மீது குளிர்ந்த நீரை ஊற்றிப் பிளந்த முறையை வில்லியம் ஸ்டூக்லி நேரிற்கண்டு பதிவு செய்தார். உடைந்த கற்கள் வீடுகட்டப் பயன்பட்டன. 1930களில் அலெக்சாண்டர் கீலர், மண்ணில் புதைந்து கிடந்த கற்களை எடுத்து மீண்டும் நிறுத்தினார். 1986இல் ஏவ்பரியும் ஸ்டோன்ஹெஞ்சும் ஒருசேர உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றன.

அரைநாள் நடை

ஊரின் தெற்கு வாயிலிலிருந்து புறப்படுவோமாயின், இருபுறமும் இணையிணையாகக் கற்கள் நிற்கும் ஒரு வழி நம்மை அழைத்துச் செல்லும். மேற்குக் கென்னட் கல்வழி என்பது அதன் பெயர். ஏறத்தாழ இரண்டரைக் கிலோமீட்டர் நீண்டு, ஓவர்டன் குன்றின் மீதுள்ள ஒரு பழைய வழிபாட்டிடத்தில் அது முடிவுற்றது. அங்கே இன்று கற்கள் இல்லை. மரத்தூண்களும் கற்களும் நின்ற இடங்களைச் சிறு காரைக்கட்டைகள் மட்டுமே காட்டுகின்றன.

அங்கிருந்து தெற்கே இறங்கி, கிழக்குக் கென்னட் என்னும் ஊரைக் கடந்து, மேற்கு நோக்கி வயல்வழியே நடந்தால் ஒரு நீண்ட ஈமமேட்டை அடையலாம். ஏறத்தாழ 100 மீட்டர் நீளமுள்ள அம்மேடு கி.மு. 3650 அளவில் எழுப்பப்பட்டது. அதன் கல்லறைகளில் ஆண், பெண், குழந்தை என முப்பத்தாறு பேருக்குக் குறையாதவர்களின் எலும்புகள் கிடைத்தன. மேட்டின் மேல் நின்று வடக்கே நோக்கினால் சில்பரிக் குன்று தெரியும். முப்பது மீட்டருக்கும் மேல் உயர்ந்த அது இயற்கைக் குன்றன்று. மனிதர் கைகளால் குவித்த சுண்ணப்பாறைக் குவியல். அதனைக் காக்கும் பொருட்டு அதன்மேல் ஏறுவது தடுக்கப்பட்டுள்ளது. குன்றின் ஓரத்தில் ஓடும் சிற்றோடையைப் பின்பற்றி நடந்தால் மீண்டும் ஏவ்பரியை அடையலாம். நிதானமாக நடப்பவர்க்கும் இச்சுற்றுக்கு அரைநாள் போதும்.

முகட்டு வழி

ஓவர்டன் குன்றில் நாம் கடந்து வந்த இடத்திலேயே 'ரிட்ஜ்வே' என்னும் முகட்டு வழியும் தொடங்குகிறது. 1973இல் தேசிய நடைவழியாகத் திறக்கப்பட்ட இது, வடகிழக்கே ஐவிங்கோ பீக்கன் வரை 139 கிலோமீட்டர் செல்கிறது. பள்ளத்தாக்குகளில் களிமண்ணும் சதுப்பும் கால்களைப் பற்றும். சுண்ணப்பாறை முகட்டிலோ மழைநீர் விரைவில் உள்ளிறங்கிவிடும். ஆதலால் நெடுந்தொலைவு செல்வோர் உலர்ந்த முகட்டையே நாடினர். பிற்காலத்தில் ஆடுமாடுகளைச் சந்தைக்கு ஓட்டிச் சென்றவர்களும் சுங்கம் வாங்கும் சாலைகளைத் தவிர்த்து இவ்வழியே சென்றனர்.

அக்காலத்தில் இது ஒரே கோடாக இருக்கவில்லை. ஓரிடம் சேறானால் மக்கள் அதன் பக்கத்தே நடந்தனர். ஆகவே பல தடங்கள் பின்னிக்கிடந்த அகன்ற பட்டையாகவே வழி இருந்தது. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் பொதுநிலங்கள் வேலியிட்டுப் பிரிக்கப்பட்டபோதுதான், கரைகளுக்கும் வேலிகளுக்கும் இடையே இது ஒரே பாதையாக ஒடுங்கியது.

வழிநடைப் பாத்தியம்

இந்நடைவழிகளுள் பல தனியார் நிலங்களின் ஊடே செல்கின்றன. பிறர் வயலில் நாம் எவ்வுரிமையால் நடக்கிறோம்? நம் பழைய நிலப்பத்திரங்களில் 'வழிநடைப் பாத்தியம்' என்றொரு தொடர் வரும். அதனை ஒத்த, ஆயினும் பொதுமக்கள் அனைவருக்கும் உரிய ஓர் உரிமை இங்கிலாந்தில் உண்டு. நிலம் உரிமையாளருடையது, கடந்து செல்லும் உரிமை மக்களுடையது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இத்தகைய வழிகளின் மொத்த நீளம் ஏறத்தாழ 2,25,000 கிலோமீட்டர்.

அவ்வுரிமை பிறக்கும் முறையே நம் கருத்துக்குரியது. 1932இன் சட்டமும், அதன் இடத்தில் இன்றுள்ள 1980ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டமும், பொதுமக்கள் ஒரு வழியில் 20 ஆண்டுகள் இடையறாது நடந்திருந்தால் அதனைப் பொதுவழியாகக் கருத இடமளிக்கின்றன. அந்நடை வலிந்து நுழைந்ததாகவோ, மறைவாகச் சென்றதாகவோ, இசைவு பெற்றுச் சென்றதாகவோ இருத்தல் கூடாது. மூன்றாம் விதி வியப்பளிக்கலாம். இசைவு கேட்டு நடப்பவர் விருந்தினராகிறார். கேளாது, ஒளியாது, சண்டையிடாது நடப்பவரே உரிமையுடையவராக நடக்கிறார். அவ்வழியைத் தம் நிலத்தில் பொதுவழியாக்க எண்ணமில்லை என்று உரிமையாளர் உரிய காலத்தில் தெளிவுபடுத்தினால் இக்கருதுகோள் நிற்காது.

ஒருமுறை பொதுவழியானது என்றும் பொதுவழியே என்பது அங்குள்ள பழைய சட்டநெறி. வயலின் குறுக்கே செல்லும் ஒற்றையடிப் பாதையை உழவர் உழலாம். ஆயினும் குறித்த நாள்களுக்குள் அதனை மீண்டும் நடக்கத்தக்கதாக்க வேண்டும். மஞ்சள் அம்புக்குறி நடப்பவர்க்கு மட்டும் உரிய வழியையும், நீல அம்புக்குறி குதிரையில் செல்வோரும் பயன்படுத்தும் வழியையும் சுட்டுகின்றன.

ஏட்டில் ஏறாத வழிகள்

1949ஆம் ஆண்டுச் சட்டம், ஒவ்வொரு மாவட்டமும் தன் பொதுவழிகளை அதிகாரப்பூர்வ நிலப்படத்தில் குறிக்க வேண்டும் என்றது. படத்தில் ஏறிய வழி, சட்டத்தின் முன் ஐயமற்ற சான்றானது. ஆனால் எத்தனையோ பழைய வழிகள் விடுபட்டன. 2000ஆம் ஆண்டுச் சட்டம், அத்தகைய பழைய வழிகளைப் பதிய 2026ஐ இறுதி எல்லையாக வைத்தது. பின்னர் அவ்வெல்லை 2031க்குத் தள்ளப்பட்டது. அதனை அறவே நீக்கப்போவதாக 2024ஆம் ஆண்டின் இறுதியில் அரசு அறிவித்தது.

இதனிடையே நடையார்வலர் பலர் ஆவணக்களரிகளில் அமர்ந்து, நிலப்பிரிப்பு ஆவணங்களையும் பழைய வரிப்படங்களையும் இரயில்பாதைத் திட்டப்படங்களையும் புரட்டிச் சான்று திரட்டினர். முதியவர்கள், தாங்கள் எந்த ஆண்டு முதல் எவ்வழியே நடந்தோம் என்று எழுதித் தந்தனர். பாட்டி பள்ளிக்கு நடந்து சென்ற தடம் என்பது அங்கு வெறும் நினைவன்று. சான்றாகக் கொள்ளத்தக்க செய்தி.

நாம் கேட்ட வினாவுக்கு இங்கே விடை கிடைக்கிறது. ஏவ்பரியின் கல்வழியைக் கற்கள் காக்கவில்லை. கற்களையே மக்கள் உடைத்தனர். முகட்டு வழியோ கற்களின்றியே நிலைத்தது, மக்கள் அதில் நடந்துகொண்டே இருந்ததால். அந்நடையைச் சட்டம் மதித்தது. ஆயினும் நடந்தவர் சொல்லாமலும் எழுதாமலும் விட்ட வழியைச் சட்டத்தாலும் காக்க இயலவில்லை.

மொழியைப் பற்றிப் பேசக் கூடும் நமக்கு இது தொலைவான செய்தியன்று. வழியைக் குறித்த 'அதர்' என்னும் சங்கச் சொல் இன்று நம் பேச்சில் இல்லை. 'நெறி' என்பது நிலத்தை விட்டு ஒழுக்கத்தைக் குறிக்கும் சொல்லாகவே பெரிதும் நின்றுவிட்டது. ஒற்றையடிப் பாதை, வண்டித்தடம், வரப்பு ஆகியவை நம் பெற்றோர் காலில் பட்டதால் அவர்கள் நாவிலும் இருந்தன. நம் ஊர்களிலும் தோட்டங்களிலும் மூத்தோர் நடந்த தடங்கள் எவை, அவற்றுக்கு அவர்கள் வழங்கிய பெயர்கள் எவை என்று கேட்டு எழுதிவைப்பது நம்மால் இயலும் பணி. சொல்லத் தெரிந்தவர்கள் நம்மிடையே இருக்கும்போதே அதனைச் செய்தல் நன்று.