ஐஸ்கிரீம் வாளியும் ஆயில் இன்ஜினும்



பிசான அறுவடை முடிஞ்சதும் கோயில் கொடைகள் வரிசையா வரும். "கொடைக்கு ஐஸ்கிரீம் போட்டு விற்கலாமா? தண்ணி இறைக்கிற ஆயில் இன்ஜின் சும்மாதானே கிடக்கு?" என்று சில குழுக்களில் கேட்டார்கள். உள்கடன் எடுக்கும் முன் தொழிலைத் தெரிஞ்சுக்குவோம்.

குளிர்ச்சி எங்கே இருந்து வருது? இன்ஜினில் இருந்து இல்லை, உப்பில் இருந்து! ஐஸ் மட்டும் வைத்தால் சர்க்கரைப் பால் உறையாது. ஐஸோடு கல் உப்பு சேர்ந்தால் ஐஸ் வேகமாக உருகும். உருகத் தேவையான வெப்பத்தைப் பாலில் இருந்து இழுத்துக்கொள்ளும். பூஜ்ஜியத்துக்கும் கீழே 15 டிகிரிக்கு மேல் குளிர்ச்சி இறங்கும். உப்புக்குப் பக்கத்தில் தூத்துக்குடி இருக்கு, நமக்கென்ன கவலை!

செய்முறை: ஒரு லிட்டர் பாலை நன்றாகக் காய்ச்சி, 200 கிராம் சர்க்கரை போட்டு ஆறவிடுங்கள். எவர்சில்வர் டப்பாவில் முக்கால் அளவு ஊற்றி, வாளிக்குள் வையுங்கள். சுற்றிலும் மூன்று பங்கு ஐஸ், ஒரு பங்கு கல் உப்பு. கைப்பிடியை அரைமணி நேரம் சுற்றணும். இந்தக் கைப்பிடி வாளிக்கு 1843-ல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியவர் நான்சி ஜான்சன் என்ற பெண்மணி. அங்கே பழைய இன்ஜின் கண்காட்சிகளில் இன்றும் பெல்ட் போட்டு இந்த வாளியைச் சுற்றுகிறார்கள்.

நாமும் செய்யலாம். ஆனால் நிமிஷத்துக்கு 1500 சுற்று ஓடும் இன்ஜினை நேரடியாக மாட்டக் கூடாது. கைப்பிடிக்கு 75 சுற்று போதும். புல்லி வைத்து முதலில் நாலில் ஒன்றாக, அடுத்து ஐந்தில் ஒன்றாகக் குறைக்கணும். ஐஸ்கிரீம் இறுகியதும் கை தானே நிற்கும். இன்ஜின் நிற்காது, துடுப்பை உடைத்துவிடும். அதனால் பெல்ட்டைக் கொஞ்சம் தளர்வாகப் போட்டால், இறுகும்போது வழுக்கிவிடும்.

சகோதரிகளே, இதை மறக்காதீங்க: பெல்ட்டுக்குக் கம்பிவலை மறைப்பு கட்டாயம். முந்தானையை இழுத்துச் செருகி, பின்னலைக் கொண்டையாக்கிக்கொள்ளுங்கள். பிள்ளைகளை அண்ட விடாதீங்க. ஒரு நொடிதான், சேலையை இழுத்தால் உயிரே போயிரும். புகை பாலில் படாத தூரத்தில் இன்ஜினை வையுங்கள்.

இன்னும் மூன்று விஷயம்:

1. வெளி ஐஸ் சாப்பிடுவதற்கு இல்லை. டப்பா மூடியைத் துடைத்துவிட்டுத் திறங்கள்.

2. உருகியதை மறுபடி உறைய வைத்து விற்காதீர்கள். விற்குமளவு மட்டும் போடுங்கள். விற்பதற்கு உணவுப் பாதுகாப்புப் பதிவு வேண்டும்.

3. உப்புத் தண்ணியை வயலிலோ தென்னை மூட்டிலோ ஊற்றாதீர்கள்.

முதலில் கையால் சுற்றும் ஒரே வாளியில் தொடங்குங்கள். பால், சர்க்கரை, ஐஸ், உப்பு, உங்கள் கூலி எல்லாம் நோட்டில் எழுதுங்கள். நாலு கொடை கணக்குப் பார்த்து லாபம் தெரிஞ்ச பிறகு, இன்ஜினுக்கும் புல்லிக்கும் கடன் கேட்டுத் தீர்மானம் போடலாம். கை வலிக்கும் அளவுக்கு விற்றால்தான் இன்ஜின் தேவை!