நீரடியில் ஒரு நகரம்

ஆற்றங்கரையிலே ஊர் தோன்றுவது உலகெங்கும் கண்ட வழக்கம். ரஷ்ய நாட்டின் மொலோகா என்னும் சிறு நகரமோ ஆற்றினால் வாழ்வு பெற்று, அவ்வாற்று நீருக்குள்ளேயே மறைந்தும் போயிற்று. அதன் வரலாறு நம் சிந்தனைக்கு உரியது.

மாஸ்கோவுக்கு வடக்கே, ரீபின்ஸ்க் நகரிலிருந்து 32 கிலோமீட்டர் தொலைவில் மொலோகா இருந்தது. வடக்கு நோக்கி வந்த வோல்கா நதி அங்கேதான் தென்கிழக்காகத் திரும்பியது. அவ்வளைவில் மொலோகா என்னும் ஆறு வந்து கலந்தது. ஆற்றின் பெயரே ஊருக்கும் ஆயிற்று. வசந்த காலத்தில் பனி உருகி வெள்ளம் பெருகியது. தாழ்ந்த சமவெளி எங்கும் பரவியது. வெள்ளம் வடிந்தபின் அந்நிலத்தில் புல் செழித்து வளர்ந்தது. கால்நடைகளுக்குத் தீவனப் பஞ்சம் இருக்கவில்லை.

1149-ஆம் ஆண்டு நிகழ்ச்சிகளைக் கூறும் பழைய வரலாற்றேட்டில் இவ்வாற்றின் பெயர் முதன்முதலாக வருகிறது. கீவ் நகர மன்னர் இஸியாஸ்லாவ், வோல்காக் கரைச் சிற்றூர்களை எரித்துக்கொண்டு மொலோகா வரை வந்தார். அப்பொழுது ஆறுகளில் நீர் பெருகவே போர் நின்றது. 1777-இல் இவ்வூர் நகரம் என்னும் தகுதியைப் பெற்றது. 1811-இல் திறக்கப்பட்ட திக்வின் நீர்வழியின் பயனாக, பீட்டர்ஸ்பர்க் செல்லும் படகுகள் இவ்வழியே சென்றன. வணிகம் வளர்ந்தது. ஆலயங்களும் அத்தனாசியார் பெயர் தாங்கிய கன்னியர் மடமும் நகருக்கு அணி செய்தன.

1935-இல் சோவியத் அரசு ரீபின்ஸ்க் அருகே பேரணை கட்ட முடிவு செய்தது. நீர்மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் 98 மீட்டர் என்பது முதல் திட்டம். அதன்படி நகரின் பெரும்பகுதி தப்பியிருக்கும். ஆனால் மின்சாரம் மிகுதியாகக் கிடைக்க வேண்டுமென்று, 1937-இன் தொடக்கத்தில் அது 102 மீட்டராக உயர்த்தப்பட்டது. அந்த 4 மீட்டர் ஒரு நகரின் விதியைத் தீர்த்துவிட்டது!

மக்களின் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. அவர்கள் தங்கள் மரவீடுகளைப் பிரித்து, தெப்பங்களாகக் கட்டி, ஆற்றில் மிதக்கவிட்டுக் கொண்டுசென்று வேற்றிடத்தில் மீண்டும் எழுப்பினர். ஆலயங்கள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. இறந்தோரின் கல்லறைகளை விட்டுச் செல்ல நேர்ந்தது. மொலோகாவோடு ஏறத்தாழ 700 சிற்றூர்களும் அழிந்தன. சுமார் 1,30,000 பேர் இடம்பெயர்ந்தனர். அணையைக் கட்டியவர்களோ பல்லாயிரக்கணக்கான கைதிகள். அவர்களுள் பலர் அங்கேயே மாண்டனர்.

1941 ஏப்ரலில் அணை மூடப்பட்டு நீர் ஏறத் தொடங்கியது. 1947-இல்தான் முழு மட்டத்தை எட்டியது. இதன் மறுபக்கத்தையும் மறைத்தல் நீதியன்று. 1941 நவம்பரில், பகைவர் படை மாஸ்கோவை நெருங்கியிருந்த வேளையில், இம்மின்நிலையத்தின் முதல் இயந்திரம் இயங்கத் தொடங்கி, அத்தலைநகருக்கு மின்சாரம் அளித்தது. அவ்வாறு மாஸ்கோவில் எரிந்த விளக்குகளுக்கு மொலோகா மக்கள் தங்கள் வீடுகளை விலையாகத் தந்திருந்தனர்.

ஊர் மறைந்தும் உறவு மறையவில்லை. பிற்காலத்தில் மொலோகாவின் மக்கள் ஆண்டுதோறும் ஆகஸ்டு மாதத்தில் ஒன்றுகூடி, தம் ஊர் இருந்த இடத்திற்குப் படகில் சென்று வந்தனர். 1995-இல் ரீபின்ஸ்கில் அவர்கள் நினைவாக ஓர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. 2014 ஆகஸ்டில் நீர் மிகவும் வற்றியபோது, வீடுகளின் அடித்தளங்களும் தெருக்களின் தடங்களும் வெளிப்பட்டன. முன்னோர் நடந்த தெருவிலே பேரப்பிள்ளைகள் கால் பதித்தனர்.

பலருடைய நன்மைக்காகச் சிலர் இழப்பது சில வேளைகளில் தவிர்க்க இயலாததாகலாம். ஆனால் இழப்பவரை ஒரு சொல் கேட்கவும், இழந்தபின் அவர்களை நினைவில் வைக்கவும் நன்மை பெறுவோர் கடமைப்பட்டுள்ளனர். மொலோகா மக்களுக்கு முதற்கடன் செலுத்தப்படவேயில்லை. இரண்டாவதை அவர்களுடைய பிள்ளைகளே தங்கள் தோளில் ஏற்றுக்கொண்டனர்.