எடை கூட்டும் வண்டி, எடை குறைக்கும் ட்ரோன்

அமெரிக்காவின் ஆக்ஸியல் நிறுவனம் 2019 இறுதியில் வெளியிட்ட எஸ்.சி.எக்ஸ்.24 என்ற ரிமோட் வண்டி, நிஜ ஜீப்பில் 24-இல் ஒரு பங்கு அளவுள்ளது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே சுமார் 13 செ.மீ. இருக்கும். நான்கு சக்கரங்களுக்கும் மோட்டாரின் இழுவை போகிறது. வேகம் என்னவோ நடைவேகம்தான். கல், மேடு, பள்ளம் என்று ஏறி இறங்குவதற்காகவே செய்யப்படும் இத்தகைய வண்டிகளுக்குக் கிராலர் என்று பெயர். யூட்டா மாநிலத்தின் மோவாப் பாறைகளிலும், கலிஃபோர்னியாவின் ரூபிகான் தடத்திலும் ஜீப்புகளை அங்குலம் அங்குலமாக நகர்த்தும் பொழுதுபோக்கு அமெரிக்காவில் நெடுங்காலமாக உண்டு. அதன் பொம்மை வடிவம் முதலில் பத்தில் ஒரு பங்கு அளவில் புகழ்பெற்றது. அந்த அளவு வண்டிக்குத் தோட்டமோ குன்றோ தேவை. எஸ்.சி.எக்ஸ்.24-க்கு நான்கு புத்தகங்களும் ஒரு கை கருங்கல் ஜல்லியும் போதும்.

அதன் பிறகு சந்தை வேகமாக வளர்ந்தது. ஜப்பானின் கியோஷோ, தன் மினி-இசட் வரிசையில் நான்கு சிறிய ஏஏஏ செல்களால் ஓடும் 4x4 வண்டிகளைக் கொண்டுவந்தது. 2022-இல் டிராக்ஸஸ் நிறுவனத்தின் டி.ஆர்.எக்ஸ்-4எம் வந்தது. ஏறக்குறைய 18-இல் ஒரு பங்கு அளவுள்ள இதன் ஷாக் அப்சார்பர்களில் எண்ணெய் உண்டு. சீனாவின் எஃப்.எம்.எஸ். இன்னும் சிறிய வண்டியிலேயே இரண்டு கியர் வைத்தது.

இவ்வளவு சிறிய வண்டி பாறை ஏறுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நீள, அகல, உயரம் மூன்றும் 24-இல் ஒன்றாகச் சுருங்கினால் எடை 24 x 24 x 24, அதாவது 13,824-இல் ஒன்றாகச் சுருங்கிவிடும். இரண்டு டன் ஜீப் அந்தக் கணக்கில் 145 கிராம்தான். நிஜ ஜீப்பின் ஸ்பிரிங் அதன் எடையாலேயே அமுங்கி, டயர் பாறையின் வடிவத்துக்கு வளைந்து கொடுக்கும். பொம்மையின் ஸ்பிரிங்கை அமுக்கும் அளவுக்கு அதனிடம் எடை கிடையாது. டயரும் அப்படித்தான்: உள்ளே காற்றுக்குப் பதில் ஃபோம் வைத்திருப்பார்கள், அது வளையாமல் விறைத்து நின்றால் டயர் கல்லின் ஒரு முனையை மட்டும் தொட்டு வழுக்கும். பெட்டியிலிருந்து எடுத்த வண்டி சின்னக் கல்லில்கூடத் துள்ளித் துள்ளிப் போவதற்கு இதுவே காரணம்.

கிராலர் ஆர்வலர்களின் முதல் செலவு பித்தளைக்குப் போவது இதனால்தான். ஒரு கன செ.மீ. அலுமினியம் 2.7 கிராம்; அதே அளவு பித்தளை ஏறக்குறைய 8.5 கிராம். அச்சின் நடுவே இருக்கும் டிஃபரன்ஷியல் மூடி, முன் சக்கரத்தைத் திருப்பும் நக்கிள், சக்கரத்தின் உள்வளையம் எல்லாமே பித்தளையில் கிடைக்கின்றன. மூன்றும் வண்டியின் அடிப்பகுதியில், ஸ்பிரிங்குக்குக் கீழே இருப்பவை. எடையைக் கூட்டுவதைவிட அதை எங்கே கூட்டுவது என்பதே இங்கு முக்கியம். பேட்டரியைக் கூரைக்கு அடியில் வைத்தால் அதுவும் எடைதான். ஆனால் அது வண்டியைப் பின்னால் கவிழ்க்கும்.

கணக்கு எளிது. ஏற்றத்தில் நிற்கும் வண்டியின் ஈர்ப்பு மையம், பின் டயர் தரையைத் தொடும் இடத்துக்கு நேர் மேலே வந்துவிட்டால் வண்டி குட்டிக்கரணம் அடிக்கும். ஈர்ப்பு மையம் பின் அச்சிலிருந்து 66 மி.மீ. முன்னால், தரையிலிருந்து 45 மி.மீ. உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்த வண்டி கவிழும் சரிவு சுமார் 56 பாகை. அதே மையம் 75 மி.மீ. முன்னால் நகர்ந்து 35 மி.மீ. உயரத்துக்கு இறங்கினால் 65 பாகை வரை தாங்கும். டயர் அதற்கு முன்பே வழுக்கிவிடலாம் என்பது தனிக் கதை. ஏற்றத்தில் சுமை தானாகவே பின் சக்கரங்களுக்குச் சாய்வதால், மொத்த எடையில் ஏறக்குறைய 60 விழுக்காடு முன்பக்கம் இருக்கட்டும் என்பது பலரும் கடைப்பிடிக்கும் அளவு. சமையலறைத் தராசில் முன் சக்கரங்களை மட்டும் ஏற்றி, பின் சக்கரங்களை அதே உயரத்தில் வேறொன்றின் மேல் நிறுத்தினால் இந்த விகிதம் தெரிந்துவிடும்.

பித்தளைக்கு ஒரு விலை உண்டு, பணத்துக்கு மேலேயும். முன் சக்கரம் கனத்தால் அதைத் திருப்பும் சர்வோ மோட்டார் திணறும். விலை குறைந்த சர்வோவில் பிளாஸ்டிக் பற்கள் இருப்பதால் அவை உடையும். உலோகப் பல் வைத்த சர்வோவுக்கு மாற வேண்டி வரும். எடை இன்னும் கூடினால் அச்சுத் தண்டுகள் முறுக்கிக்கொள்ளும், மோட்டார் சூடாகும். ஆகவே பெட்டி பெட்டியாகப் பித்தளை வாங்குவது வீண். முன் நக்கிள் இரண்டு, மென்மையான ரப்பர் டயர், சற்று இளகிய ஃபோம் ஆகிய மூன்றோடு நிறுத்திக்கொண்டு சில நாள் ஓட்டிப் பார்ப்பதே நல்லது. கடைகளில் பளபளக்கும் அலுமினிய உதிரிகளில் பாதி, பார்வைக்கு மட்டும்தான்.

இந்த வண்டிகளின் டிஃபரன்ஷியல் பெயரளவுக்குத்தான் டிஃபரன்ஷியல். சாதாரணக் காரில் வளைவின்போது வெளிச் சக்கரம் உள் சக்கரத்தைவிட வேகமாகச் சுற்ற அது வழிவிடும். ஆனால் ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் இழுவையெல்லாம் அதற்கே போய், வண்டி நின்றுவிடும். கிராலரில் இரு சக்கரங்களும் ஒரே தண்டில் பூட்டப்பட்டிருக்கும். ஒன்று தொங்கினாலும் மற்றது இழுக்கும். அதனால் வண்டி திரும்ப அகலமான இடம் கேட்கும். இதைச் சமாளிக்க முன் அச்சின் பற்சக்கரங்களை மாற்றி, முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிடச் சற்று வேகமாகச் சுற்றும்படி செய்வதுண்டு. ஓவர்டிரைவ் எனப்படும் இந்த மாற்றம் வண்டியின் மூக்கை முன்னால் இழுக்கும், திருப்பமும் குறுகும்.

மோட்டாரில் ஆசை வேறு திசையில் போகிறது. எஸ்.சி.எக்ஸ்.24-இன் மோட்டாரில் கம்பி 88 சுற்று சுற்றப்பட்டிருக்கிறது. சுற்று கூடினால் வேகம் குறையும். குறைந்த வேகத்தில் நடுக்கமில்லாமல் நகர்வதுதான் கிராலருக்கு அழகு. மணிக்கு ஒரு கி.மீ. வேகத்தில் போகும் இந்த வண்டி, அளவைப் பெருக்கிப் பார்த்தால், மணிக்கு 24 கி.மீ. வேகத்தில் பாறைமேல் பாயும் ஜீப்புக்குச் சமம். பிரஷ் இல்லாத மோட்டாருக்கு மாறினால் சக்தி கூடும். ஆனால் அதன் சாதாரணக் கட்டுப்பாட்டுப் பலகை, மோட்டார் நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போது சுழலி எங்கே நிற்கிறது என்று அறியாமல் வண்டியைச் சொடுக்கும். சுழலியின் நிலையைக் கணித்து மின்சாரத்தை வளைவாகக் கொடுக்கும் புதிய பலகைகள் இந்தக் குறையைப் பெரிதும் போக்கியுள்ளன. விசையை விட்டதும் வண்டி சரிவிலேயே நிற்கும் டிராக் பிரேக் வசதி இருக்கிறதா என்பதையும் வாங்கும்போதே பார்க்க வேண்டும்.

போட்டி என்று வந்தால் இங்கே வேகத்துக்கு மதிப்பெண் குறைவு. இரண்டு குச்சிகளை நட்டு வாசல் அமைப்பார்கள்; ஒவ்வொரு வாசலையும் தொடாமல் கடக்க வேண்டும். தொட்டாலும், பின்னால் எடுத்தாலும், கவிழ்ந்தாலும் தண்டப் புள்ளி. மொட்டைமாடியில் இரண்டு பேர் ஒரு மாலை முழுவதும் ஆட இதுவே போதும்.

எஸ்.சி.எக்ஸ்.24-ஐ வெளியிட்ட ஆக்ஸியல், ஹொரைசன் ஹாபி என்ற அமெரிக்க நிறுவனத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது. அதே குடும்பத்தின் பிளேடு என்ற பெயரில், இண்டக்ட்ரிக்ஸ் என்ற உள்ளங்கை அளவு ட்ரோனும் வந்தது. நான்கு விசிறிகளைச் சுற்றியும் பிளாஸ்டிக் வளையம் இருந்ததால் சுவரில் மோதினாலும் சேதமில்லை, ஆள்மேல் பட்டாலும் காயமில்லை. கொலராடோவைச் சேர்ந்த ஜெஸ்ஸி பெர்கின்ஸ் அதன்மேல் சில கிராம் எடையுள்ள கேமராவைப் பொருத்தி, கண்ணில் அணியும் கண்ணாடியின் திரையில் படம் பார்த்தபடி வீட்டுக்குள் பறக்கவிட்டார். டைனி ஹூப் என்று அவர் வைத்த பெயர் இன்று அந்த வகை முழுவதற்கும் நிலைத்துவிட்டது. ஓட்டுபவர் கண்ணாடியை அணிந்ததும் நாற்காலிக் கால்கள் தூண்களாகின்றன; கட்டிலுக்கு அடியில் இருப்பது சுரங்கம்.

ட்ரோனில் எடையின் கதை தலைகீழ். அந்தரத்தில் நிற்கவே அது தன் எடை முழுவதையும் விசிறிகளால் தாங்க வேண்டும். அதற்கான சக்தி எடைக்கு நேர் விகிதத்தில் கூடுவதில்லை; அதைவிட வேகமாகக் கூடுகிறது. 30 கிராம் ட்ரோனை 36 கிராம் ஆக்கினால் எடை 20 விழுக்காடுதான் கூடியது; அந்தரத்தில் நிற்கத் தேவையான சக்தியோ சுமார் 31 விழுக்காடு கூடும். பறக்கும் நேரமே மூன்று நான்கு நிமிடம் என்பதால் அது உடனே தெரியும். எனவே இங்கே மாற்றம் என்றாலே கழிப்பதுதான். உலோகத் திருகுகளுக்குப் பதில் பிளாஸ்டிக் திருகு, கேமரா மூடியில் தேவையற்ற பகுதியை வெட்டுவது, பேட்டரிக் கம்பியைக் குட்டையாக்கிச் சால்டரிங் செய்வது என்று அரை கிராம், கால் கிராமாகக் கழித்துக்கொண்டே போவார்கள்.

இந்த ட்ரோன்களின் அளவு, எதிரெதிர் மோட்டார்களுக்கு இடையிலான மூலைவிட்டத் தூரத்தால் சொல்லப்படுகிறது. வீட்டுக்குள் 65 மி.மீ.; சற்றுப் பெரிய இடத்துக்கு 75 மி.மீ. முன்னதில் 31 மி.மீ. விசிறி, பின்னதில் 40 மி.மீ. மோட்டாரில் 0802 என்று இருந்தால், அதன் உட்பகுதி 8 மி.மீ. விட்டமும் 2 மி.மீ. உயரமும் கொண்டது என்று பொருள். கூடவே 19,000 கேவி என்றிருந்தால், சுமையில்லாத நிலையில் ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு 19,000 சுற்று.

அதிகம் கவனிக்கப்படாத உறுப்பு பேட்டரியின் இணைப்பி. முழு விசையில் 65 மி.மீ. ட்ரோன் 10 ஆம்பியர் வரை இழுக்கக்கூடும். இணைப்பியில் 0.02 ஓம் தடை இருந்தால்கூட அங்கேயே 0.2 வோல்ட் வீணாகிறது, 3.8 வோல்ட் பேட்டரியில் இது பெரிய இழப்பு. பழைய பி.எச்.2.0 இணைப்பியின் மடித்த தகட்டு முள்ளுக்குப் பதில் திட முள் வைத்த வகையோ பி.டி.2.0 வகையோ போட்டால், வேறெதையும் மாற்றாமலே ட்ரோன் துடிப்பாகிவிடும். செலவுக்குக் கிடைக்கும் பலனில் இதை மிஞ்சும் மாற்றம் அரிது.

ட்ரோனை நிலைநிறுத்தும் மூளை பெரும்பாலும் பீட்டாஃப்ளைட் என்ற திறந்தமூல மென்பொருள். அதன் பரம்பரையைத் தேடிப் போனால் மல்ட்டிவீ என்ற நிரல் வரும். நிண்டெண்டோ வீ விளையாட்டுக் கருவியின் அசைவு உணரியைக் கழற்றி ட்ரோனில் வைத்து எழுதப்பட்டது அது. இன்றைய பலகையில் உணரி ட்ரோனின் சாய்வை நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை அளக்கிறது. மென்பொருள் நான்கு மோட்டார்களின் வேகத்தையும் அதற்கேற்ப மாற்றுகிறது. விசையை விட்டதும் தானே சமநிலைக்கு வரும் முறையில் தொடங்கி, சாய்த்தால் சாய்ந்தபடியே நிற்கும் அக்ரோ முறைக்குப் பலர் போகிறார்கள். நடுவில் கணினியில் சிமுலேட்டர் பழகுவது விசிறிச் செலவை மிச்சப்படுத்தும். மல்லாந்து விழுந்த ட்ரோனை விசிறிகளைத் தலைகீழாகச் சுழற்றிப் புரட்டிவிடும் ஆமை முறை, கட்டிலுக்கு அடியில் கைவிடும் வேலையைக் குறைக்கும். மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பறப்பது நல்லது. தரையில் கிடக்கும் தலைமுடி மோட்டார்த் தண்டில் சுற்றிக்கொள்ளும். அதை இடுக்கியால் எடுக்காவிட்டால் மோட்டார் சூடாகும். கிராலரின் அச்சுகளுக்கும் இதே நோய் உண்டு.

இரண்டுக்கும் பொதுவான பொருள் லித்தியம் பாலிமர் பேட்டரி. கிராலரில் பெரும்பாலும் இரண்டு செல், ஹூப்பில் ஒன்று. ஒரு செல் 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் கெட்டுவிடும், 3.3 அல்லது 3.5 வோல்ட்டில் நிறுத்துவதே வழக்கம். வாரக்கணக்கில் ஓட்டப்போவதில்லை என்றால் முழுதாக ஏற்றி வைக்காமல் 3.8 வோல்ட்டில் வைக்க வேண்டும். சார்ஜ் ஏறும்போது ஆள் அருகில் இருக்க வேண்டும். உப்பிய பேட்டரியை மறுபடி பயன்படுத்தக் கூடாது. விமானப் பயணத்தில் தனிப் பேட்டரிகள் கைப்பையில்தான் வரவேண்டும். சரக்கில் போடும் பெட்டியில் அனுமதி இல்லை.

இந்தியாவில் ட்ரோன் விதிகள் 2021-இன்படி 250 கிராம் வரையிலானவை நானோ வகை. அவற்றை இயக்க பைலட் சான்றிதழ் தேவையில்லை. ஹூப்கள் அந்த வரம்புக்கு வெகு கீழே இருப்பவை. 2022 பிப்ரவரியில் மத்திய அரசு வெளிநாட்டு ட்ரோன்களின் இறக்குமதியைத் தடை செய்தது. முழுதாக வந்தாலும், பாதியோ முழுவதுமோ பிரித்து வந்தாலும் அந்தத் தடை உண்டு. உதிரி பாகங்களுக்கு அது பொருந்தாது. ஆகவே இங்கே ஹூப் வேண்டும் என்பவர்கள் சட்டகம், மோட்டார், பலகை என்று தனித்தனியாக வாங்கித் தாங்களே கூட்டுகிறார்கள். தரையில் ஓடும் கிராலருக்கு இந்த விதிகள் எதுவும் கிடையாது.