பெயர் தெரியாத ஒளி

திருவரங்குளம் போன்ற ஊர்களில், விளக்கொளி எட்டாத வயல்வரப்பில் அமாவாசையன்று நின்று நோக்குவோருக்கு ஆகாசகங்கையின் நடுவே கரிய திட்டுகள் தென்படும். அவை வெற்றிடமல்ல, வாயுவும் தூசும் செறிந்த மேகங்கள். நட்சத்திர ஒளி தாக்குமிடத்தில் இத்தகைய மேகங்கள் கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்புக் கிரணங்களை வீசுகின்றன. வீசும் பொருள் எது என்ற வழக்கு 1973-ம் வருஷம் முதல் முடிவின்றி நிற்கிறது.

அவ்வருஷம் கில்லெட், பாரஸ்ட், மெரில் என்னும் மூவர் 11.3 மைக்ரான் அலைநீளத்தில் இனந்தெரியாத ஒளிப்பட்டை ஒன்றை அறிவித்தனர். 3.3, 6.2, 7.7, 8.6 ஆகிய பட்டைகளும் அதன் சுற்றத்தாரே. பிரெஞ்சு விஞ்ஞானிகளான லெஜரும் புஜேயும் 1984-ல் அளித்த விளக்கத்தையே இன்று பெரும்பாலோர் ஏற்கின்றனர். தேன்கூட்டறைகள்போல் கரியணு வளையங்கள் ஒட்டிய மூலக்கூறு, புற ஊதாக் கிரணத்தை விழுங்கி, கணநேரம் கடுஞ்சூடேறித் துடிக்கிறது; அத்துடிப்பே அகச்சிவப்பாய் வெளிப்படுகிறது. நம் அடுப்புக்கரியிலும் இவ்வினம் உண்டு.

சிக்கல் இங்கேதான். இப்பட்டைகள் குலத்தைச் சொல்லுமேயன்றி ஆளைச் சொல்லமாட்டா. அக்குலத்தார் யாவரும் ஏறக்குறைய ஒரே இடத்தில் துடிக்கின்றனர். 2011-ல் ஹாங்காங்கிலிருந்து சன் குவோக்கும் யோங் ஜாங்கும், நிலக்கரியைப்போல் வளையமும் சங்கிலியும் தாறுமாறாய்ப் பின்னிய துகளே காரணம் என்றனர். வாதம் ஓயவில்லை. தனி ஆளாய் அடையாளம் கிடைத்தவை சிலவே. அந்துருண்டைச் சரக்கான நாப்தலீனின் சயனைடு உருவம் ரிஷபராசி மேகத்தில் உண்டென்பது 2021-ல் ரேடியோ அலைகளால் உறுதியாயிற்று. அதுகூட அகச்சிவப்புப் பட்டைகளுக்குப் பொறுப்பேற்கவில்லை.

இவ்வழக்கில் நம் பக்கத்தாருக்கும் பங்குண்டு. வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன் 1930-களில் இத்தகைய வளைய மூலக்கூறுகளாலான படிகங்களின் காந்த குணத்தை அளந்தார். வானத்தை எண்ணிச் செய்ததன்று, எனினும் அவ்வினத்தை அறிய உதவியது. கோரக்பூர் சர்வகலாசாலையில் இவற்றின் துடிப்புகளைக் கணித்திருக்கிறார்கள். இலங்கையில் பிறந்த சந்திரா விக்கிரமசிங்கே, பிரெட் ஹாய்லுடன் சேர்ந்து 1962-ல் நட்சத்திரத் தூசில் கரி உண்டென்று வாதிட்டார். அது நிலைத்தது. பின்னர் அத்தூசு உயிரணுக்களே என்றும் இருவரும் கூறினர். விஞ்ஞானிகளில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. முதற்கூற்றைப் போற்றும் நாம், அண்டை நாட்டார் என்ற அபிமானத்தால் இரண்டாவதையும் மேடையில் முழங்குதல் தகாது. பிறநாட்டாரிடம் கேட்கும் அத்தாட்சியை நம்மவரிடமும் கேட்பதே நியாயம்.

2021 டிசம்பரில் ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி, ஓரியன் மேகத்தின் விளிம்பிலிருந்து இப்பட்டைகளை முன்னிலும் நுட்பமாய்ப் பதிந்து அனுப்பியிருக்கிறது. அப்பதிவுகளைப் புதுக்கோட்டைக் கல்லூரி மாணவர் ஒருவரும் காசின்றி எடுத்துச் சோதிக்கலாம்.